சிக்கன விளக்குகளும் கடைக்காரர் கணக்கும்

பொறியியல் பயிலும் மாணவர் விடுமுறைக்கு ஊர் சென்றால், அங்கே ஒரு கேள்வி அவருக்காகக் காத்திருக்கும். கடை வைத்திருக்கும் தந்தையோ, சிற்றப்பாவோ, தாய்மாமனோ ஒரு வண்ண விளம்பரத் தாளை எடுத்து நீட்டி, “இதை மாட்டினால் கரண்டு பில்லில் நூற்றுக்கு நாற்பது குறையுமாமே, மெய்தானா? நீதான் படிக்கிறாயே, பார்த்துச் சொல்” என்பார். இலக்கியம் பயில்பவருக்கும் இத்தொல்லை உண்டு. வடக்கே சென்று படிக்கும் பிள்ளைக்குத் தெரியாதது ஒன்றும் இருக்க முடியாது என்பது ஊராரின் நம்பிக்கை அன்றோ! இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. இப்போது எரிவது எந்த விளக்கு, நாளொன்றுக்கு அது எத்தனை மணி நேரம் எரிகிறது, அதன் கீழே யார் அமர்ந்து என்ன வேலை செய்கிறார்கள் என்னும் மூன்றையும் கேளாமல் விடை கூறுபவர், பெரும்பாலும் அக்கருவியை விற்பவராகவே இருப்பார்.

முதலில் ஒளியின் அளவைப் பார்ப்போம். விளக்கு உண்ணும் மின்னாற்றலை வாட் என்றும், அது தரும் ஒளியை லூமென் என்றும் அளக்கிறோம். பழைய குண்டு பல்பு 1 வாட்டுக்கு 10 முதல் 15 லூமென் வரை தந்தது. எஞ்சிய ஆற்றலெல்லாம் வெப்பமாகப் போயிற்று. 4 அடி நீளமுள்ள பழைய 40 வாட் டியூப் லைட்டு சுமார் 2,400 லூமென் தரும். ஆனால் அதனுடன் இணைந்த செம்புக் கம்பிச் சோக்கு தன் பங்குக்கு 12 வாட் அளவில் தின்றுவிடுவதால், மீட்டரில் ஏறுவது 40 அன்று, 52 வாட். இன்று கடைகளில் கிடைக்கும் 20 வாட் எல்.இ.டி. டியூபு ஏறக்குறைய 2,000 லூமென் தருகிறது. மொத்த ஒளி சற்றுக் குறைவே. எனினும் பழைய டியூபு எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறவிட, எல்.இ.டி. பெரும்பாலும் கீழ்நோக்கியே வீசுகிறது. ஆதலால் மேசையின்மேல் விழும் வெளிச்சம் குறைவதில்லை. கூரையும் சுவரின் மேற்பகுதியும் இருண்டு போவது மட்டும் மெய். “வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கடை ஏனோ களையிழந்து கிடக்கிறது” என்று சிலர் குறைபடுவதற்குக் காரணம் இதுவே. அவர்கள் சொல்வது வீண் பிரமை அன்று.

எல்.இ.டி. என்பது திடப்பொருள் ஒன்றின் வழியே மின்சாரம் பாயும்போது ஒளி பிறக்கும் அமைப்பு. சிவப்பும் பச்சையும் முன்பே கைவந்துவிட்டன; நீலம்தான் நெடுங்காலம் பிடி கொடுக்கவில்லை. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின்மேல் மஞ்சள் பாஸ்பரம் பூசினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும் ஒளி கிடைக்கிறது. பொருள் நல்லதுதான், விலைதான் எட்டவில்லை என்ற நிலையை மாற்றியது நம் நாட்டு அரசின் மொத்தக் கொள்முதல். 2014இன் தொடக்கத்தில் அரசு நிறுவனம் ஒரு பல்பை ரூ.310 அளவில் வாங்கியது. 2015 சனவரியில் ‘உஜாலா’ திட்டம் தொடங்கிக் கோடிக்கணக்கில் வாங்கத் தலைப்பட்டதும், 2016இல் அவ்விலை ரூ.38 என்னும் அளவுக்கு இறங்கிவிட்டது. இந்த ஒரு மாற்றம், அதற்கு முன்பு எழுதப்பட்ட சேமிப்புக் கணக்குகள் அத்தனையையும் பழங்கணக்கு ஆக்கிவிட்டது.

இனி நாமே ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அலுவலகத்தில் 100 பழைய டியூப் லைட்டுகள் உள்ளன. நாளுக்கு 10 மணி வீதம் ஆண்டில் 300 நாள் எரிகின்றன என்று கொள்க. 52 வாட் வீதம் 100 விளக்குக்கு 5,200 வாட். 3,000 மணிக்கு 15,600 யூனிட். அவற்றை 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் 6,000 யூனிட். மிச்சம் 9,600 யூனிட். யூனிட் ரூ.9 என்று வைத்தால் ஆண்டுக்கு ரூ.86,400. புதிய டியூபுக்கும் மாட்டுகூலிக்கும் சேர்த்து விளக்குக்கு ரூ.300 ஆகும் என்று வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு ரூ.30,000. நான்கு மாதம் சென்று சில நாட்களில் போட்ட முதல் திரும்பிவிடும். இவ்வளவு வட்டி தரும் வாணிகம் வேறு ஏது?

ஆனால் அதே கட்டடத்தின் சரக்கறையில் நாளுக்கு ஒரு மணி மட்டும் எரியும் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்டுக்கு மிச்சமாவது 9.6 யூனிட், அதாவது சுமார் ரூ.86. அதே ரூ.300 திரும்பி வர மூன்றரை ஆண்டு ஆகும். கருவியும் ஒன்றே, விலையும் ஒன்றே. எரியும் நேரம்தான் வேறு. ஆகவே ஊரிலிருந்து கேள்வி வந்தால், “முதலில் எந்த விளக்கு அதிக நேரம் எரிகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள், சித்தப்பா” என்று சொல்வதே சரியான முதல் விடை.

அடுத்தது ஆள் உணர் கருவி. அறையில் ஆள் இருந்தால் விளக்கு எரியும், இல்லையேல் அணையும். இதனை விற்பவர், “எல்.இ.டி. நூற்றுக்கு 60 மிச்சம், இக்கருவி நூற்றுக்கு 30 மிச்சம், ஆக நூற்றுக்கு 90” என்று கூட்டிச் சொல்வதைக் கேட்கலாம். கணக்குப் பாடத்தில் தேர்ச்சி பெற்ற எவரும் இவ்விடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

ஒரு கருவி நான்கு விளக்குகளை ஆள்கிறது என்போம். பழைய டியூபாக இருந்தால் நான்கும் ஆண்டுக்கு 624 யூனிட். கருவி நூற்றுக்கு 30 பங்கு நேரத்தைக் குறைத்தால் 187 யூனிட் மிச்சம், பணமாக ரூ.1,685. கருவியின் விலையும் கூலியும் ரூ.800 என்றால் ஆறு மாதத்துக்குள் முதல் திரும்பும். ஆனால் முன்னரே எல்.இ.டி.க்கு மாறிவிட்டவரின் நான்கு விளக்கும் எரிப்பதே 240 யூனிட்தான். அதில் நூற்றுக்கு 30 என்பது 72 யூனிட், ரூ.648. அக்கருவியும் இரவு பகலாக விழித்திருந்து ஏறத்தாழ 1 வாட் உண்ணுவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 9 யூனிட் அதிலிருந்து கழியும். எஞ்சுவது 63 யூனிட். முதல் திரும்ப ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். மொத்தச் சேமிப்போ 90 அன்று. கருவியின் சாப்பாட்டைக் கழிப்பதற்கு முன்பே கூட நூற்றுக்கு 73தான். முதற்கருவி சேமித்துவிட்ட மின்சாரத்தை இரண்டாம் கருவி மறுபடியும் சேமிக்க முடியாது. இந்தச் சிறு உண்மை விளம்பரத் தாள்களில் இடம்பெறுவதே இல்லை.

இதனால் ஆள் உணர் கருவி வேண்டாத பொருள் என்று கொள்ளலாகாது. கழிப்பறை, மாடிப்படி, கிடங்கு, கூட்ட அறை ஆகிய இடங்களில் விளக்கை அணைப்பது தம் பொறுப்பு என்று யாரும் கருதுவதில்லை. அங்கே அது நன்கு பயன்படும். நூலகத்தின் படிப்பறையில் மாட்டினால்தான் வேடிக்கை. அக்கருவிகளில் பெரும்பாலானவை உடற்சூட்டின் அசைவைக் கொண்டே ஆளை அறிகின்றன. ஆழ்ந்து படிப்பவன் அசைய மாட்டான். ஆகவே நன்றாகப் படிப்பவனை இருளில் விட்டுவிட்டு, அடிக்கடி எழுந்து தேநீர் குடிக்கப் போகிறவனுக்கு அது வெளிச்சம் போடும்! இருபது நிமிடம் பொறுத்து அணையுமாறு திருப்பி வைத்தால் இக்குறை குறையும். சேமிப்பும் அதனுடன் சேர்ந்து குறையும். சுவிட்சைத் தட்டினால்தான் எரியும், ஆள் போனபின் தானே அணையும் என்ற ஏற்பாடு இரண்டிலும் நல்லது. வழியோடு போகிறவனுக்கெல்லாம் அது விளக்கேற்றாது. மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும்: பழைய டியூபை அடிக்கடி ஏற்றி அணைத்தால் அதன் முனைகள் விரைவில் கறுத்து ஆயுள் குன்றும், எல்.இ.டி.க்கு அந்தக் கவலை இல்லை.

மூன்றாவது வகை, மின்னழுத்தத்தைக் குறைத்துச் சேமிக்கும் பெட்டி. இதைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் குறைவு. குண்டு பல்புக்கு மின்னழுத்தத்தை நூற்றுக்கு 10 குறைத்தால் மின்செலவு நூற்றுக்கு 15 அளவில் குறையும். ஒளியோ நூற்றுக்கு 30 குறைந்துவிடும். பல்பின் ஆயுள் பல மடங்கு நீளும் என்பது உண்மைதான். ஆனால் கொடுத்த காசுக்குக் கிடைத்த ஒளி குறைந்ததே தவிர உயரவில்லை. செம்புச் சோக்குள்ள டியூபிலும் இப்பெட்டி ஓரளவு குறைத்துக் காட்டும். அங்கும் ஒளியைக் குறைத்தே காட்டும். அளவுக்கு மீறிய வெளிச்சம் இருந்த கூடங்களில், அல்லது இரவில் மின்னழுத்தம் 250 வோல்ட்டைத் தாண்டும் இடங்களில், அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இன்றைய நல்ல எல்.இ.டி.யின் உள்ளே இருக்கும் டிரைவர் என்னும் சிறு மின்சுற்றோ, அழுத்தம் குறைந்தால் அதற்கேற்ப அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு அதே ஒளியைத் தரும். அதே வாட்டை உண்ணும். அத்தகைய கடையில் இப்பெட்டியை மாட்டுவது, குடை பிடித்திருப்பவனுக்கு மேலும் ஒரு குடை விற்பது போன்றது.

சுவரிலுள்ள பிளக்கில் செருகினாலே மின்கட்டணத்தைக் குறைப்பதாகக் கூறும் சிறு பெட்டிகளும் உண்டு. பெரும்பாலும் அவற்றின் உள்ளே இருப்பது ஒரு கண்டென்சர். அது பவர் ஃபாக்டரைத் திருத்தும் என்பது அவர்கள் வாதம். வீட்டு மீட்டரும் சிறு கடை மீட்டரும் யூனிட்டையே எண்ணுகின்றன. பவர் ஃபாக்டரைத் திருத்தினாலும் அங்கே பில்லில் ஒரு காசும் குறையாது. பெரிய இணைப்புகளில், கே.வி.ஏ. கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்களில், நிலைமை வேறு. செம்புச் சோக்குள்ள டியூபுகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் மெயின் போர்டில் தக்க கண்டென்சர் வைப்பது மெய்யாகவே பணம் மிச்சப்படுத்தும். மலிவான எல்.இ.டி.யிலும் பவர் ஃபாக்டர் 0.5 அளவுக்குக் கெட்டுக் கிடப்பதுண்டு. ஆனால் அங்கே கேடு மின்னோட்டம் பின்தங்குவதால் அன்று, அதன் அலைவடிவமே உருக்குலைவதால் வருவது. அதைக் கண்டென்சர் கொண்டு குணப்படுத்த முடியாது, பெட்டியின்மேல் 0.9க்குக் குறையாத எண்ணைப் பார்த்து வாங்குவதே வழி.

இதுவரை சொன்னது மீட்டரின் கணக்கு. கண்ணின் கணக்கு வேறு ஒன்று இருக்கிறது. வாணிகத்தில் அது சில சமயம் மீட்டரைவிடப் பெரிது. பட்டுச்சேலை வாங்கும் நம் தாய்மார்கள் சேலையைக் கடை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் பௌதிகம் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் செய்வது முற்றிலும் சரியான சோதனை. ஒரு விளக்கின் கீழே ஒன்றுபோல் தோன்றும் சேலையும் ரவிக்கைத் துணியும் வெயிலில் வேறுவேறாகத் தோன்றக்கூடும். விளக்கின் ஒளியில் எந்த நிறக் கதிர் இல்லையோ, அந்த நிறம் துணியில் இருந்தும் கண்ணுக்குப் புலப்படாது. தெருவிளக்காக எரிந்த சோடியம் விளக்கு சிக்கனத்தில் டியூப் லைட்டையும் வென்றது. 1 வாட்டுக்கு 100 லூமெனுக்கும் மேல் தந்தது. ஆயினும் எந்தச் சேலைக் கடைக்காரரும் அதை உள்ளே கொண்டுவரவில்லை. அதன் கீழே எல்லாம் மஞ்சள்.

நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு 100 வரை எண் கொடுப்பார்கள். குண்டு பல்புக்கு ஏறத்தாழ 100, சாதாரண எல்.இ.டி.க்கு 80, நல்லதற்கு 90க்கு மேல். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இவ்வெண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்புக்கு ஒன்பதாவதாகத் தனி எண் உண்டு. அது சராசரியில் சேராது. 80 என்று அச்சிட்ட விளக்கில் அந்த ஒன்பதாம் எண் பூச்சியத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். அரக்குச் சிவப்புப் பட்டும் குங்கும நிறப் பட்டும் விற்கும் கடைக்கு எது முக்கியம் என்று சொல்ல வேண்டுவதில்லை. நிறம் நன்கு காட்டும் விளக்கு அதே வாட்டுக்குச் சற்றுக் குறைந்த லூமென்தான் தரும், விலையும் கூடுதல். கிடங்கில் 80 போதும், சேலை விரிக்கும் மெத்தையின் மேலே 90 வேண்டும் என்று பிரித்து வாங்கத் தெரிந்தவரே உண்மையில் சிக்கனக்காரர். ஒரு சேலை நிறம் மாறிப்போய்விட்டது என்று திரும்பி வந்தால் அந்த ஆண்டின் மின்சார மிச்சம் அதிலேயே போய்விடும்.

துடிப்பும் ஒரு தொல்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஆகவே விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. பழைய சோக்கு டியூபில் இது இருந்தது. டிரைவரில் சிக்கனம் பிடித்த மலிவு எல்.இ.டி.யில் அதைவிட மோசமாகவும் இருக்கக்கூடும். கண் இதை நேரே காணாவிடினும் சிலருக்குத் தலைவலி வரும். கடைசல் பட்டறையிலோ இது வெறும் தலைவலியோடு நிற்பதில்லை. குறிப்பிட்ட வேகத்தில் சுழலும் பொறி நின்றுவிட்டது போலத் தோன்றும். அதில் கை வைத்தவன் கதி என்னாகும்? அடுத்தடுத்த விளக்குகளை வேறுவேறு பேஸ்களில் இணைப்பது பழைய மெக்கானிக்குகள் கண்ட பரிகாரம். அது இன்றும் செல்லும்.

ஆயுளைப் பற்றிப் பெட்டியின்மேல் 25,000 மணி, 50,000 மணி என்று அச்சிட்டிருக்கும். அத்தனை மணி கழிந்தபின் ஒளி நூற்றுக்கு 70 பங்காகத் தேய்ந்திருக்கும் என்பதே அதன் பொருள். நடைமுறையில் அதற்கு முன்னரே டிரைவரில் உள்ள கண்டென்சர் வெந்துபோவதுண்டு. 10 டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. காற்றுப் புகாத கண்ணாடிக் கூட்டுக்குள், அடுப்பின் அனல் தாக்கும் ஓட்டல் சமையற்கட்டில், மலிவு எல்.இ.டி.யை மாட்டினால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே விளங்கும். அத்தகைய இடத்துக்கு வெப்பத்தை வெளியேற்றும் உலோக முதுகுள்ள விளக்கே தக்கது.

சூடு என்றதும் குளிர்சாதனம் நினைவுக்கு வருகிறது. விளக்கு உண்ணும் ஒவ்வொரு வாட்டும் முடிவில் அறையில் சூடாகவே தங்குகிறது. அதை வெளியேற்றக் குளிர்சாதனம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மேலும் மின்சாரம் செலவிட வேண்டும். நாம் முன்பு பார்த்த அலுவலகத்தில் விளக்கில் 3,200 வாட் குறைந்தால், குளிர்சாதனம் ஓடும் நேரங்களில் அதிலும் சுமார் 1,000 வாட் குறையும். சென்னைக் கடைக்கு இது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிடைக்கும் உபரி லாபம். சிம்லாவில் குளிர்காலத்தில் மின்அடுப்பு வைத்துக் கடையைச் சூடாக்குபவருக்கு இதே கணக்கு தலைகீழாகும். விளக்கு தந்த சூட்டை அடுப்பு ஈடுசெய்ய வேண்டும். தில்லிக்காரர்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கிறார்கள்.

பழைய சட்டத்திலேயே எல்.இ.டி. டியூபை மாட்டும்போது சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட வேண்டும். பல இடங்களில் சோக்கு அப்படியே கிடந்து வீணாகச் சில வாட்டுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. சில டியூபுகளுக்கு மின்சாரம் ஒரு முனையில், சிலவற்றுக்கு இரு முனையிலும். பின்னதில் ஒரு முனையைச் செருகியபின் மறுமுனையின் ஊசியைத் தொட்டால் ஷாக் அடிக்கக்கூடும். மெயினை அணைக்காமல் இதில் கை வைக்கலாகாது. கழற்றிய பழைய டியூபில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. குப்பையில் வீசி உடைத்தால் அது காற்றில் கலக்கும். பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள், இத்தகைய டியூபுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென 2023இல் முடிவு செய்தன. இந்தியாவும் அவ்வொப்பந்தத்தில் சேர்ந்த நாடு. ஆகவே “பழைய டியூபு இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது, அது தீரட்டும்” என்பவர் தீர்த்துவிடட்டும். புதிதாக ஒரு பெட்டி வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

அரசின் கட்டடச் சிக்கன விதிகளும் விளக்குக்கு வரம்பு கட்டுகின்றன. அலுவலகத்துக்குச் சதுர மீட்டருக்கு 10.8 வாட் என்று 2007இல் வகுத்த அளவு, 2017இல் 9.5 ஆக இறங்கியது. இது உச்ச வரம்புதான், நல்ல எல்.இ.டி. கொண்டு இதில் பாதியிலேயே வேலையை முடிக்கலாம். முடித்துவிட்டு, “எல்.இ.டி.தானே, எரிந்தால் எரியட்டும்” என்று பகலெல்லாம் எரியவிடுவதையும் பார்க்கிறோம். பெயர்ப்பலகையைச் சுற்றித் தோரணம் போல விளக்குக் கட்டுவதும் இந்த மலிவின் விளைவே.

எல்லாவற்றிலும் விலை குறைந்த சாதனம் ஒன்று உண்டு. அதற்கு விளம்பரமே கிடையாது. பெரும்பாலான கூடங்களில் ஒரு சுவிட்சைத் தட்டினால் சன்னலோர விளக்கும் உள்மூலை விளக்கும் சேர்ந்தே எரியும். வயரிங் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே இருட்டு என்பதற்காகச் சன்னலருகே வெயிலில் விளக்கு எரிகிறது. சன்னலுக்கு இணையாக வரிசை வரிசையாகப் பிரித்து ஒவ்வொரு வரிசைக்கும் தனிச் சுவிட்சு வைத்தால், பகல் பொழுதில் முதல் வரிசையை அணைத்தே வைக்கலாம். ஒளியின் அளவறிந்து தானே மங்கச் செய்யும் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது, பன்மடங்கு விலையில். கட்டடம் எழும்பும்போதே செய்தால் இதற்கு ஆவது சில கெஜம் வயரும் இரண்டு சுவிட்சும். சுவர் பூசி வர்ணம் அடித்தபின் செய்தால் கொத்தனார் கூலியும் சேரும்.